ஆதரவில்லா இடத்தில் ஆட்டம்: விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவது

ஸ்டீம் கடையில் எந்தப் பெரிய கேமின் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் ஒரு கட்டம் இருக்கும். குறைந்தபட்சத் தேவைகள் என்ற தலைப்பு, இயங்குதளம் விண்டோஸ் 10 அல்லது 11, 64 பிட். லினக்ஸ் என்ற பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது. அதைப் படித்துவிட்டு வெளியேறியவர்கள் ஒரு காலத்தில் சரியான முடிவைத்தான் எடுத்தார்கள். இன்று அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓடாமல் போனால் எந்தக் கணினிக்காரர்களுக்கு மட்டும் கம்பெனி பதில் சொல்லும் என்பதைத்தான் அது சொல்கிறது. பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கும் கேம் ஓடலாம், நன்றாகவே ஓடலாம். ஓடாத நாளில் முறையிடத்தான் கவுண்ட்டர் கிடையாது.

அப்படி வெளியே நிற்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். அவர்கள் தொகை சிறியது. ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 3 விழுக்காட்டைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 இல்லாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப் எத்தனையோ வீடுகளில் குறையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப்போட மனமில்லாதவர் லினக்ஸுக்கு மாறுகிறார். மாறிய முதல் வாரத்திலேயே, காசு கொடுத்து வாங்கிய கேம்கள் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

பதில் சுருக்கமானது: ஒற்றையாள் கேம்கள் பெரும்பாலும் ஓடும். இணையப் போட்டிக் கேம்களில் சில ஓடவே ஓடாது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அந்தக் காரணங்கள் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி.

நடுவில் நிற்கும் துபாஷி

விண்டோஸுக்காக எழுதிய கேம் தனக்கு வேண்டியதையெல்லாம் விண்டோஸிடம் கேட்டே பழகியது. இந்தக் கோப்பைத் திற, இந்த அளவில் ஒரு சாளரம் போடு, இந்த ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பு என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள். கேட்கும் மொழி விண்டோஸுடையது, கேட்கப்படுவதோ லினக்ஸ். நடுவே நின்று துபாஷி வேலை பார்ப்பது வைன். 1993இல் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் அலெக்ஸாந்த்ர் ஜூலியார் இதன் தலைமைப் பராமரிப்பாளர். முதல் பதிப்பு என்று துணிந்து எண்ணிட்ட 1.0 வெளிவந்தது 2008 ஜூனில், பதினைந்து வருட உழைப்புக்குப் பிறகு.

இதை எமுலேட்டர் என்றோ, லினக்ஸுக்குள் இன்னொரு விண்டோஸை ஓட்டுவது என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கேமின் கட்டளைகளை பிராசஸர் நேரடியாகவே நிறைவேற்றுகிறது. விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் வைன் பதில் தருகிறது. அதனால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை. விண்டோஸ் உரிமமும் தேவையில்லை.

நெடுங்காலம் சிக்கலாக இருந்தது படம் வரையும் பகுதி. விண்டோஸ் கேம்கள் திரையில் வரைவதற்கு டைரக்ட்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டை நம்பியிருக்கின்றன. அதை லினக்ஸின் ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றும் வேலையை வைன் செய்துவந்தது, ஆனால் டைரக்ட்எக்ஸ் 11 வந்த பிறகு மூச்சு வாங்கியது. 2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் ஏற்பாடு வெளியானது. அடுத்த ஆண்டு நியர்: ஆட்டோமேட்டா கேம் கணினிக்கு வந்தது. அதை லினக்ஸில் ஆட ஆசைப்பட்ட பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், டைரக்ட்எக்ஸ் 11 கோரிக்கைகளை வல்கனுக்கு மாற்றித் தரும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். அதுதான் டிஎக்ஸ்விகே. ஒரு கேமுக்காக எழுதப்பட்டது ஆயிரக்கணக்கான கேம்களுக்கு உதவியது. அது விண்டோஸுக்கே திரும்பிப் போனதுதான் வேடிக்கை: பழைய ஜிடிஏ 4 திக்கித் திணறும்போது விண்டோஸ்காரர்களே டிஎக்ஸ்விகே கோப்புகளை எடுத்துப் போட்டு ஆடுகிறார்கள்.

ரெபோலேயின் திறமையைக் கண்டுகொண்டு அவரை வேலைக்கு அமர்த்தியது ஸ்டீமை நடத்தும் வால்வ். அந்த நிறுவனத்துக்கு ஒரு பயம் இருந்தது. விண்டோஸ் 8உடன் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்தபோது, மற்றவர் நிலத்தில் கடை போட்டிருக்கிறோம் என்பது வால்வுக்கு உறைத்தது. 2012இல் வால்வின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8ஐக் கணினித் துறைக்கே பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகள் வந்து, வந்த சுவடு தெரியாமல் போயின. காரணம் எளியது. லினக்ஸுக்கு என்று தனியாகக் கேமை மாற்றி எழுதிக் கொடுக்கக் கம்பெனிகள் தயாராக இல்லை. அந்த வழியில் நம்பிக்கை வைத்து 1998இல் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர், குவேக் 3 போன்ற கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தும் 2002 ஜனவரியில் கதவை மூடியிருந்தது. வால்வுக்கு அந்தப் பாடம் தாமதமாகப் புரிந்தது என்றே சொல்ல வேண்டும்.

பிறகுதான் வழி மாறியது. மாற்றி எழுதச் சொல்லிக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, விண்டோஸ் பதிப்பையே அப்படியே ஓட்டிவிடுவது என்று முடிவானது. கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் பல உதிரிகளை ஒரே பொதியாகக் கட்டி 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் என்று வெளியிட்டார்கள். முதல் நாளில் வால்வ் உத்தரவாதம் கொடுத்த கேம்கள் 27. 2022 பிப்ரவரி 28 அன்று ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வாங்கியவர்கள் கைக்கு வரத் தொடங்கியது. உள்ளே இருப்பது ஆர்ச் லினக்ஸ். அதற்குப் பிறகு, தங்கள் கேம் டெக்கில் ஓடுகிறதா என்று கம்பெனிகள் தாங்களாகவே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தன. வீட்டு மேசையில் லினக்ஸ் வைத்திருப்பவர் அனுபவிப்பது அந்தச் சோதனையின் பலனைத்தான்.

பணம் கட்டும் முன்

ஒரு கேம் ஓடுமா என்பதைத் தரவிறக்கிய பிறகு கண்டுபிடிப்பது நேரத்தையும் டேட்டாவையும் வீணாக்கும் வேலை. 100 ஜிபி கேம்கள் சாதாரணமாகிவிட்ட காலம் இது. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

முதலாவது, ஸ்டீம் டெக்குக்காக வால்வ் தரும் சான்று. சரிபார்க்கப்பட்டது, ஆடக்கூடியது, ஆதரவில்லை, தெரியவில்லை என்று நான்கு வகை. இவற்றை மேசைக் கணினிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டெக்கின் சிறிய திரையில் எழுத்து படிக்க முடிகிறதா, கன்ட்ரோலரில் எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அந்தச் சான்றுக்குள் அடக்கம். எழுத்து பொடியாக இருக்கிறது என்பதற்காக இரண்டாம் வகைக்கு இறங்கிய கேம், 24 அங்குல மானிட்டரும் மவுஸும் வைத்திருப்பவருக்கு ஒரு குறையும் வைக்காது.

இரண்டாவது ப்ரோட்டான்டிபி. ஆடியவர்களே வந்து பதிவிடும் அறிக்கைகளின் தொகுப்பு. பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், அதற்கும் கீழே உடைந்தது என்று தரம் போட்டிருப்பார்கள். பதக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் ஏமாறுவார், ஏனென்றால் அது பழைய அறிக்கைகளையும் சேர்த்துக் கட்டிய மொத்தம். அண்மைய அறிக்கைகளுக்கு நேரே போய், தன்னிடம் இருப்பதைப் போன்ற கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதே பயன் தரும். 2019இல் ஓடவில்லை என்று எழுதியவர் இன்று அதே கேமை முடித்தே விட்டிருக்கக்கூடும். எதிர்த்திசையிலும் நடக்கும். போன மாத அப்டேட்டில் நுழைந்த ஒரு புது லாஞ்சர், நேற்றுவரை பிளாட்டினமாக இருந்ததைக் கெடுத்திருக்கலாம்.

இணையத்தில் பலரோடு ஆடும் கேம் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் எது? இந்த அத்தியாயத்தில் மிக அதிகமாகப் பணம் மிச்சப்படுத்தக்கூடிய கேள்வி அதுதான்.

வைன் செய்யும் துபாஷி வேலை பயனர் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. ரயட் நிறுவனத்தின் வேன்கார்ட் போன்றவை விண்டோஸின் மையமான கர்னலுக்குள்ளேயே டிரைவராகப் போய் உட்காருபவை. லினக்ஸில் அந்தக் கர்னலே இல்லை. உட்காருவதற்கு நாற்காலி கிடையாது. அதனால் வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. வைனில் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் 2024இல் வேன்கார்டைப் பூட்டினார்கள், அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் வேறு மாதிரி. 2021 செப்டம்பரில் இரண்டுமே ப்ரோட்டானுக்கு ஆதரவு அறிவித்தன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கேமின் கம்பெனியும் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். எல்டன் ரிங் ஈஸி ஆன்ட்டி-சீட் வைத்துக்கொண்டே லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. அந்த மென்பொருளுக்குச் சொந்தக்காரரான எபிக் நிறுவனமோ, தன் சொந்த ஃபோர்ட்நைட்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்ந்தது. அனுமதி தரப்படாததால் லினக்ஸ்காரர்கள் அன்றைக்கே வெளியே தள்ளப்பட்டார்கள். அதே கேமின் கதைப் பகுதியை மட்டும் தனியாக ஆடலாம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நிலைமை இன்னும் மோசம். 2022இல் அனுமதித்து, டெக்கில் ஆடும் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31 அன்று மூடிவிட்டார்கள். அதற்குள் அலங்காரப் பொருள்களுக்குச் செலவழித்தவர்களின் பணம் என்ன ஆனது என்று கேட்டால், தேவைகள் கட்டத்தில் விண்டோஸ் என்றுதானே இருந்தது என்பதே பதில்.

ஆக, இந்த வகையில் ஓடுமா ஓடாதா என்பதை இன்று தீர்மானிப்பது கம்பெனியின் மனசு. நிரலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது, தாண்ட முயல்வதும் ஆபத்து. டெஸ்டினி 2ஐ நடத்தும் பங்கி நிறுவனம், தடையைச் சுற்றிக்கொண்டு வர முயல்பவரின் கணக்கை முடக்குவோம் என்று எழுதியே வைத்திருக்கிறது. லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் போட்டு அதில் விண்டோஸ் ஓட்டலாமே என்ற யோசனையையும் பல தடுப்பு மென்பொருள்கள் கண்டுபிடித்துவிடும். இந்தக் கேம்கள் இல்லாமல் முடியாது என்பவர் வட்டில் ஒரு பகுதியை விண்டோஸுக்கு ஒதுக்கி டூயல் பூட் வைத்துக்கொள்வதே நேர்மையான தீர்வு.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஸ்டீமின் பணம் திருப்பும் விதி கைகொடுக்கும். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால், ஓடவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த 2 மணியில் சேரும் என்பதை மறக்காமல், வாங்கியதும் அறிமுகக் காணொளியில் லயிக்காமல், ஆட்டம் நடக்கும் இடம்வரை போய்ப் பார்த்துவிட வேண்டும். ஜிஓஜி கடையில் 30 நாள் அவகாசம்.

கணினியைத் தயார் செய்தல்

இதில் பெரிய விஷயம் கிராஃபிக்ஸ் டிரைவர். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு டிரைவர் கர்னலோடும் மெசா என்ற தொகுப்போடும் சேர்ந்தே வந்துவிடும். இயங்குதளத்தை அப்டேட்டாக வைத்திருந்தால் போதும். என்விடியா வைத்திருப்பவர் அந்தக் கம்பெனியின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் கூடுதல் டிரைவர்களுக்கென்று ஒரு சாளரமே இருக்கிறது. கம்பெனி தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவும் பழைய விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது. அப்படி நிறுவியது அடுத்த கர்னல் அப்டேட்டில் இருட்டுத் திரையைக் காட்டிவிடக்கூடும்.

பழைய கார்டுகளுக்கு ஓர் எல்லை உண்டு. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். என்விடியாவின் கெப்லர் வகைக் கார்டுகளுக்கான கடைசி டிரைவர் 1.2உடன் நின்றுவிட்டது. நான்காம் தலைமுறை இன்டெல்லின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் அந்தப் படியை ஏறாது. இந்த வகைக் கணினி வைத்திருப்பவர் ப்ரோட்டானின் பழைய பதிப்புகளையோ, ஓப்பன்ஜிஎல் வழியையோ நம்பிப் பழைய கேம்களை ஆடலாம். புதிய கேம்களை மறந்துவிட வேண்டியதுதான். ஆறாம் தலைமுறை இன்டெல்லிலிருந்து நிலைமை தேவலை.

ஸ்டீமை எங்கிருந்து நிறுவுவது என்பதிலும் கவனம் வேண்டும். உபுண்டுவின் மென்பொருள் கடை ஸ்னாப் வடிவத்தை முன்னே நீட்டும். அந்த வடிவத்தால் வரும் புகார்கள் பெருகியதால், 2024 தொடக்கத்தில் வால்வின் ஊழியர் ஒருவரே அதைத் தவிர்க்கச் சொல்லி எழுதினார். ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் பொதியே உபுண்டுவுக்கு ஏற்றது.

டூயல் பூட்காரர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிய கேம்கள் என்டிஎஃப்எஸ் வட்டில் இருக்கின்றன, அதையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிட்டால் இரண்டு முறை இறக்க வேண்டாமே என்று தோன்றும். கேம் கோப்புகள் திறக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் ப்ரோட்டான் ஒரு குட்டி சி டிரைவை உருவாக்குகிறது. அதற்குள் விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளி கொண்ட பெயர்களும் இணைப்புக் கோப்புகளும் இருக்கும். அவை என்டிஎஃப்எஸ்ஸில் போய் உட்கார்ந்தால் கேம் திறக்காமல் போகும், அடுத்த முறை விண்டோஸ் தன் வட்டில் பிழை என்று கூவும். கேம்களுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டில் தனி இடம் ஒதுக்குவதே நிம்மதி.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டீம் கேம் என்றால் செய்ய வேண்டியது அதிகமில்லை. அமைப்புகளில் கம்பேட்டிபிலிட்டி பகுதியில் எல்லாக் கேம்களுக்கும் ப்ரோட்டான் என்ற தெரிவு அணைந்திருந்தால் போட்டுவிட்டு, நிறுவி, பிளே பொத்தானை அழுத்தலாம். முதல் முறை தேவையான துணைக் கோப்புகளை நிறுவிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஒரு பட்டை நகரும். பொறுமையிழந்து அதைத் தாண்டிவிடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் ஆட்டத்தின் நடுவே படம் திக்குவதைக் குறைப்பது அந்தப் பட்டைதான். எல்டன் ரிங் 2022இல் வெளியானபோது விண்டோஸில் திக்கியது. வால்வின் நிரலாளர்கள் ப்ரோட்டானில் செய்த திருத்தத்தால், விலை குறைந்த டெக்கில் அதே கேம் அதைவிடச் சீராக ஓடியது.

சில கேம்களுக்கு லினக்ஸ் பதிப்பும் தனியாக இருக்கும். அதுதானே முறையானது என்று தோன்றும். பல சமயம் அது தவறான தேர்வு. பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து மாற்றிய பதிப்பு அதன் பிறகு அப்டேட் காணாமல் கிடக்கும். ராக்கெட் லீக் 2020இல் தன் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டது. அதன் விண்டோஸ் பதிப்போ ப்ரோட்டானில் தொடர்ந்து ஓடியது. கேமின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ப்ரோட்டானைக் கட்டாயமாக்கினால் ஸ்டீம் விண்டோஸ் பதிப்பை இறக்கிக்கொள்ளும்.

எபிக், ஜிஓஜி, அமேசான் கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் லாஞ்சர் வசதியானது. கணக்கைச் சேர்த்ததும் வாங்கிய கேம்கள் அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும். பழைய சிடி, தனி நிறுவல் கோப்பு, கம்பெனிகளின் சொந்த லாஞ்சர் போன்றவற்றுக்கு லூட்ரிஸ் அல்லது பாட்டில்ஸ். இவை அனைத்தின் அடியிலும் இருப்பது அதே வைன்தான், மேலுடுப்பு மட்டும் மாறுகிறது.

பழைய கேம்களில் லினக்ஸின் கை ஓங்கியிருக்கும் இடம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பல கேம்களில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் நிறுவல் நிரல் 16 பிட்டில் இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, வைன் தொடும். ஆனால் சிடி செருகியிருக்கிறதா என்று டிரைவர் வைத்துச் சோதிக்கும் சேஃப்டிஸ்க் வகைப் பூட்டுகள் வைனிலும் தகராறு செய்யும். விண்டோஸ் 10உம் அந்தப் பூட்டை 2015லேயே கைவிட்டுவிட்டது. அந்தக் கேமைப் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜியில் இன்னொரு முறை வாங்குவது, தள்ளுபடி நாளில், ஒரு வார இறுதியை வீணாக்குவதைவிட மலிவு.

ஓடாதபோது

ஓடவில்லை என்றதும் இணையத்தில் கிடைக்கும் பத்துக் கட்டளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக டெர்மினலில் ஒட்டுவது பரவலான பழக்கம். கேம் ஓடினாலும் எது ஓடவைத்தது என்று தெரியாது. ஓடாவிட்டால் இப்போது கோளாறு ஒன்றா ஐந்தா என்றும் தெரியாது. ஒரு மாற்றம், ஒரு சோதனை. அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் மாற்ற வேண்டியது ப்ரோட்டானின் பதிப்பு. வழக்கமான பதிப்பு சரிவராவிட்டால் எக்ஸ்பெரிமென்டல் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். புதிய கேம்களுக்கான திருத்தங்கள் அங்கேதான் முதலில் வரும். அதுவும் கைவிட்டால் ஜிஇ-ப்ரோட்டான். ஆர்வலர்கள் பராமரிக்கும் இந்தப் பதிப்பு குறிப்பாக ஒரு நோய்க்கு மருந்து: கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு முடிந்ததும் வரும் வண்ணப் பட்டைகள் தெரிவது. சில காணொளி வடிவங்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால் வால்வ் அவற்றுக்கான கோடெக்கைப் பொதியில் சேர்ப்பதில்லை. ஜிஇ சேர்க்கிறது.

பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது டெனுவோ பூட்டுள்ள கேம்களில் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு ப்ரோட்டான் பதிப்பையும் அது புதிய கணினி என்று எண்ணிக்கொள்ளும். அனுமதித்த எண்ணிக்கை தாண்டினால் காசு கொடுத்து வாங்கியவரையே 24 மணி நேரம் வெளியே நிறுத்திவிடும். இரவு பத்து மணிக்குச் சோதனையில் இறங்கி, பத்தரைக்குப் பூட்டு விழுந்து, மறுநாள் இரவு வரை சும்மா இருந்தவர்கள் உண்டு.

கேம் திறந்து, சிறிது நேரம் நன்றாக ஓடி, பெரிய வரைபடம் ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறதா? நினைவக வரைபட எண்ணிக்கைக்குக் கர்னல் வைத்திருக்கும் உச்சவரம்பைச் சந்தேகிக்கலாம். பழைய இயல்பு மதிப்பு 65530. இன்றைய பெரிய கேம்கள் சிலவற்றுக்கு அது போதாது. ஃபெடோரா 39, உபுண்டு 24.04 முதல் 1048576 என்று உயர்த்திவிட்டார்கள். பழைய பதிப்பில் இருப்பவர் விஎம் மேக்ஸ் மேப் கவுண்ட் என்ற அமைப்பைத் தாமே உயர்த்திக்கொள்ளலாம்.

எதுவும் பலிக்காதபோது கேமின் குட்டி சி டிரைவை, அதாவது ப்ரிஃபிக்ஸை, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க விடுவது பல கோளாறுகளைத் தீர்க்கும். ஸ்டீம் கோப்புறைக்குள் கம்பேட்டேட்டா என்ற இடத்தில் ஒவ்வொரு கேமுக்கும் அதன் ஸ்டீம் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறை இருக்கும், அதுதான். அழிக்கும் முன் ஒரு நொடி நிற்க வேண்டும். சேமித்த ஆட்டங்களும் பெரும்பாலும் அதற்குள், சி டிரைவில் ஸ்டீம்யூசர் என்ற பயனரின் ஆவணங்களுக்குள்தான் இருக்கும். ஸ்டீம் கிளவுடில் ஏறும் கேம் என்றால் கவலையில்லை. ஏறாத கேம்களும் இருக்கின்றன, எண்பது மணி நேர ஆட்டம் அழிந்த பிறகு அது தெரியவந்து பயனில்லை. நகல் எடுத்துவிட்டு அழிக்கலாம்.

இதற்கு மேலும் ஓடவில்லையென்றால் பதிவேடு வேண்டும். கேமின் தொடக்கத் தெரிவுகளில் ப்ரோட்டான் லாக் என்ற மாறிக்கு 1 கொடுத்து ஓட்டினால், ஹோம் கோப்புறையில் ஸ்டீம் என்ற பெயரோடும் கேமின் எண்ணோடும் ஒரு கோப்பு விழும். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். கடைசிச் சில நூறு வரிகளில், எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் கேம் விழுந்தது என்பது பல சமயம் பச்சையாகவே எழுதியிருக்கும். விடுபட்டது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ போன்ற துணைத் தொகுப்பு என்றால் ப்ரோட்டான்ட்ரிக்ஸ் கொண்டு அதை அந்த ஒரு ப்ரிஃபிக்ஸுக்குள் மட்டும் நிறுவலாம்.

அந்தக் கோப்பைக் கேம் கம்பெனியின் உதவி மையத்துக்கு அனுப்புவதில் பொருளில்லை. லினக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் தயாராக இருக்கும் ஒரு மறுப்புக் கடிதம் வந்து சேரும். கிட்ஹப்பில் ப்ரோட்டானுக்கென்று வால்வ் நடத்தும் பட்டியலில் பெரும்பாலான கேம்களுக்குத் தனி இழை ஒன்று திறந்திருக்கிறது. கார்டின் பெயர், டிரைவர் பதிப்பு, கர்னல் பதிப்பு, ப்ரோட்டான் பதிப்பு ஆகியவற்றோடு பதிவேட்டை அங்கே சேர்த்தால் வைனை எழுதுபவர்களே படிக்கிறார்கள். புது இழை திறக்கும் முன் பழையதைக் கடைசி வரை படித்துப் பார்ப்பது நலம். தேடிய விடை நான்கு நாளுக்கு முன் யாரோ எழுதிப்போட்டபடி அங்கேயே கிடக்கலாம்.